ஆறு சொல் சீட்டுகள்

மாமியார் நான்கு சீட்டுகளை மொழியியல் பேராசிரியரின் மேஜைமேல் வரிசையாக வைத்தார். "குழந்தை தவறிப்போனதிலேருந்து இதெல்லாம் கதவுக்கடியில வருது சார். வேத வசனமே இப்படிச் சொல்லுதேன்னு மருமக வாசல் தாண்ட மாட்டேங்கறா. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா நர்ஸ் வேலையும் போயிடும்."

பேராசிரியர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். 'உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் அவர்களைத் தண்டனைக்கு' என்று முதல் சீட்டு பாதியில் நின்றது. மற்றவையும் அப்படித்தான்.

பேராசிரியர் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மருமகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் தாள்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு அது.

கூட வந்திருந்த பேராசிரியரின் மைத்துனன் அவர் காதருகே குனிந்தான். "சீட்டு எழுதறது அந்த மாமியார்தான் அத்தான். எந்நேரமும் வேதமும் கையுமா இருக்காங்க."

"அதனாலதான் அவங்க இல்ல. வாசிக்கிறவங்க வாக்கியத்த முடிப்பாங்க. இங்க ஒவ்வொண்ணும் சரியா ஆறு சொல். இடம் போதாதுன்னு இப்படி வெட்டுறது சொல்லடைவுலதான்."

கணவனின் தாளில் அவர் விரல் வைத்தார். அதே வரி, அதே இடத்தில் அறுந்திருந்தது.

"இன்னும் அச்சாகாத தாள். இந்த வீட்டுல உங்க கைக்குத்தான் வருது."

கணவன் பேனாவை மூடினான். "வேலைக்குன்னு வெளிய போனா இந்த வீட்டுக்குத் திரும்பமாட்டாளோன்னு பயம். ஆனா எழுதினது வேதந்தானே சார்?"

"யார் சொன்னது, எதுக்குச் சொன்னதுன்னு பாத்தீங்களா? பிள்ளைகளப் பறிகொடுத்த யோபுகிட்ட அவன் நண்பன் பேசின பேச்சு இது. கடைசி அதிகாரத்துல கடவுளே அந்த நண்பர்கள் மேல கோபப்படறார். என்னைப் பத்தி நீங்க சரியாப் பேசலேங்கறார்."

"எத்தன தடவ வாசிச்சிருக்கேன்," என்றார் மாமியார். "துண்டாப் பாத்தப்ப அடையாளம் தெரியலியே."

மருமகள் சுவரிலிருந்து மெல்லத் திரும்பினாள்.

"அந்த அதிகாரத்த வாசிங்க," என்றாள் கணவனிடம். "ஆறு சொல்லோட நிறுத்திடாதீங்க."

அவன் வாசித்தான். இரண்டு இடத்தில் வரி தவறி மறுபடி ஆரம்பித்தான். அவள் உதவிக்கு வரவில்லை, காத்திருந்தாள். முடிந்ததும் எழுந்து, பெட்டியிலிருந்து வெள்ளைச் சீருடையை எடுத்து உதறினாள். கறை இருக்கிறதா என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை. ஜன்னலைத் திறந்தாள்.