டிராமுக்குள் ஒட்டுப்பால்

சுங்காய்த் தோட்டத்தில் டிராம் பெட்டியை லோரியில் ஏற்றும்போது காய்ந்து கிடந்த சங்கிலி, பீடோர் வருவதற்குள் நனைந்திருந்தது. மழை இல்லை. கட்டு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க லோரியை ஓரங்கட்டி இறங்கிய உடையப்பன் சங்கிலியில் கை வைத்தான்; எடுத்தபோது விரல்களோடு வெள்ளையாக நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒட்டுப்பால். கோப்பையில் உறைந்து நாட்கணக்கில் அழுகிய ரப்பர் பாலின் நாற்றம், செத்த எலியையும் புளித்த மோரையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்தது போன்ற நாற்றம், தோட்டத்தில் பிறந்தவன் மூக்கை விட்டு என்றைக்கும் போகாதது.

பினாங்கில் ஓடிய டிராம் அது. ஓட்டம் நின்றபின் தோட்டத்துத் துரை ஒருவர் அதை வாங்கி வந்து ஒட்டுப்பால் போட்டுவைக்கும் கொட்டகையாக்கியிருந்தார். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு முப்பது வருஷமாகியும் பெட்டி அங்கேயே கிடந்தது. இப்போது ஈப்போவில் திறக்கப்போகும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. லோரியில் கூட வந்த ஷர்மினி அதன் அதிகாரி. காலையில் பெட்டியைக் கழுவவைத்து, காலியாக இருப்பதைப் படமெடுத்து, தன் கையாலேயே பூட்டியவள்.

"உள்ள ஒன்னும் இல்லண்ணே. நான்தான் பார்த்தேனே," என்றாள்.

பழைய பலகை வெயிலில் கசிகிறது என்று காரணமும் சொன்னாள். பலகையில் கசிவது இப்படி உடம்புச் சூட்டோடு இருக்குமா என்று உடையப்பன் கேட்கவில்லை.

கண்ணாடியை ஏற்றியும் நாற்றம் உள்ளே வந்தது. நாக்கில் படிந்தது. டீசல் ஊற்றிக் கழுவிய விரல்கள் ஸ்டியரிங்கில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. தாப்பாவைத் தாண்டியதும், பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் ஒரு சத்தம். ஈரச் சாக்குகள் பல ஒன்றாக முன்னால் சாய்ந்து, மெதுவாக நிமிர்வதுபோல. கம்பாருக்கு முன்னால் பொழுது சாய்கையில் ஷர்மினி வாந்தியெடுத்தாள். நிறுத்தச் சொன்னாள்.

"இப்படியே கொண்டுபோய் எறக்க முடியாது லா. தொறந்து பார்த்துட்டு வாரேன்."

"ஈப்போ போய்ப் பார்த்துக்கலாம்மா."

அவள் கேட்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். உடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

பூட்டு திறக்கும் சத்தம். ஒரு காலடி. இரண்டு. அப்புறம் ஒன்றுமில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இறங்கினான்.

படியில் செருப்பு ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினான். தரை மெத்தென்றிருந்தது. சூடாக.

கைபேசி வெளிச்சம். நின்று வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் தோல்வார்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் ஒரு கை பிடித்திருந்தது. கை மட்டும். உறைந்த பாலில் வார்த்ததுபோல வெள்ளையாக. நகம் இருந்தது. மயிரும் இருந்தது.

கடைசி வாரில் ஷர்மினி.

முழுசாக நின்றாள். தலையிலிருந்து கால்வரை ஒரே வெள்ளைத் தோல். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அந்தத் தோல் உப்பியது. உள்ளே போனது. உப்பியது.

பாய்ந்துபோய் விரல்களால் கிழித்தான். தோல் இழுபட்டது. கிழியவில்லை. விரல்கள் அதிலேயே பதிந்துகொண்டன.

உள்ளிருந்து ஒரு நாக்கு, இளஞ்சூடாக, அவற்றை ஒவ்வொன்றாக நக்கியது.