ஒரு கண்ணில் மட்டும் கண்ணீர்

போன் அலறியது.

"மேடம்... என் வூட்டுக்காரரு தேள் கொட்டிச் செத்துட்டாருன்றாங்க. பொய் மேடம்! மூணு மணிக்கு எடுத்துடுவாங்க. சீக்கிரம் வாங்க!"

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டே முக்கால்!

ஏட்டு அர்ஜுனனோடு ஜீப் பிள்ளையார்பாளையத்துக்குள் பாய்ந்தபோது பாடை தயார். செத்தவர் நெசவாளி பஞ்சாட்சரம். போன் செய்தவள் அவர் மனைவி சங்கரி. பாடையைத் தூக்கத் துடித்துக்கொண்டிருந்தவன் அவள் தம்பி, சாயப்பட்டறை உதயகுமார்.

எரித்துவிட்டால் சாம்பலையா விசாரிப்பது?

"யாரும் தொடாதீங்க! ஏம்மா, எப்படிப் பொய்ங்கிற?"

"இன்னிக்கு அமாவாசை மேடம். தறிக்கு லீவு. கல்யாணமான இந்தப் பதினாறு வருசத்துல அமாவாசையில அவரு தறிக்குக் கீழ இருக்குற குழியில கால வச்சதே இல்ல. நான் கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள குழியில செத்துக் கெடக்குறாரு!"

உதயகுமார் குறுக்கே விழுந்தான்.

"அக்கா அழுதுக்கினே ஏதோ பேசுது மேடம். இழை அறுந்திருந்துச்சு. முடிச்சுப் போட மாமா எறங்கினாரு. 'ஐயோ'ன்னு கத்தினாரு. ஓடியாந்து பாத்தா... தேளு கால்ல கொட்டிட்டு உக்காந்துக்கினு இருக்குது! சொம்பால மூடி வச்சிருக்கேன், பாருங்க."

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

புவனேஸ்வரி கவனித்தாள். இடது கண் சிவந்து ஊற்றியது. வலது கண் காய்ந்து கிடந்தது!

"கண்ணுல என்னப்பா?"

"கா... காலையில சாயம் போடும்போது ஆசிட் தெறிச்சுடுச்சு."

"அமாவாசையில எந்தப் பட்டறைப்பா ஓடுது?"

அவன் சட்டென்று சொம்பைக் காட்டினான்.

சொம்பை லேசாகத் தூக்கினாள். குப்பென்று புளித்த வாடை!

"என்னப்பா இந்த நாத்தம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். சாயத்துல ஊத்துற ஆசிட்டு எப்பவும் புளிச்சு நாறும். பதினஞ்சு வருசமா மூக்கு பழகிப்போச்சு."

உள்ளே... கறுப்பாய், தடித்த இடுக்கிகளோடு அது நின்றது. வளைந்த கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய நூல் ஒன்று!

விலங்கியல் படித்துவிட்டுக் காக்கி மாட்டியவள் புவனேஸ்வரி. சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டு அலறினாள்.

"ஐயையோ! இது சாதாரணத் தேள் இல்லப்பா. பின்னாடியிருந்து பீச்சி அடிக்கும். மொதல்ல ஒரு கண்ணு எரியும். தண்ணியா ஊத்தும். பொழுது சாயறதுக்குள்ள பார்வை போகும். அப்புறம் மூச்சு..."

உதயகுமாருக்கு முகம் வெளுத்தது.

"மேடம், காப்பாத்துங்க! தாமல் ஏரிக்கரையில கல்ல பொரட்டிப் புடிக்கும்போது மூஞ்சியிலயே பீச்சிடுச்சு மேடம்!"

"புடிக்கும்போதா? நீ குழியிலதான பாத்தே?"

சங்கரி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எதுக்குடா பாவி?"

"மாமாவோட புது சேல பார்டர் டிசைன வெளியாளுக்குக் குடுத்துட்டேன்க்கா. ஊரைக் கூட்டிச் சொல்றேன்னாரு. தூங்கிக்கினு இருந்தாரு... கால்ல வெச ஊசி போட்டுக் குழியில எறக்கிட்டேன். மேடம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க... உயிர் போவுது!"

பளார்! அக்காவின் கை தம்பியின் கன்னத்தில் இறங்கியது. அப்படியே கணவனின் காலடியில் சரிந்து, நெஞ்சு வெடிக்க அழுதாள். புவனேஸ்வரி உதயகுமார் பக்கம் திரும்பினாள்.

"பச்சத் தண்ணியில கண்ண கழுவுடா. சரியாயிடும்."

"வெசம் மேடம்..?"

"அது சாட்டைத் தேள். கொடுக்கும் கெடையாது, வெசமும் கெடையாது. பயந்தா வினிகர் மாதிரி ஒண்ணப் பீச்சும், அவ்ளோதான். உன் மூக்கு உசுரோட இருந்திருந்தா ஏரிக்கரையிலயே தெரிஞ்சிருக்கும்!"

பாடைக்குப் பதில் ஆம்புலன்ஸ் வந்தது. விலங்கு உதயகுமாரின் கைக்கு ஏறியது.

அர்ஜுனன் சொம்பருகே தயங்கினார்.

"மேடம், இதை என்ன பண்றது?"

"போட்டோ எடுத்துக்கினு ஏரிக்கரையில வுட்டுடுப்பா. இந்தக் கேஸ்ல பிடிபட்ட ரெண்டு பேர்ல நிரபராதி அதுதான்!"