இருவர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்

"கண்ணு தெரியலையா?" என்று சீறினார் அவர்.

பாவம், சீறாமல் என்ன செய்வார்? மழைக்குப் பயந்து ரத்த ஆய்வகத்துக்குள் பாய்ந்தவள், குடைத் தண்ணீர் மொத்தத்தையும் அவர் சட்டையில் கொட்டியிருந்தாள்.

"எனக்கு நல்லாவே தெரியுது. நீங்கதான் குனிஞ்ச தலை நிமிராம வர்றீங்க!"

நிமிர்ந்தார். அடடா... என்ன கண்கள்! ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை கொண்டுவந்த வரன்! போன வாரம், போட்டோவைக்கூடப் பார்க்காமல் "பொண்ணு வேண்டாம்" என்று சொல்லியனுப்பிய மகாராசன். ஒரே ஒரு நாள் மாற்று டாக்டராக வந்த இடத்திலா இவர் முகத்தில் விழிக்க வேண்டும்?

அவருக்கு அவளைத் தெரியவில்லை. அவளும் மூச்சுவிடவில்லை.

அன்றைய மாற்று டாக்டர் அவள்தான் என்று தெரிந்ததும், இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் ஒரு ரத்த ஸ்லைடை வைத்தார். "ரத்தப் புற்றுநோய்தானே? பார்த்துச் சொல்லுங்க."

எதிரெதிரே குனிந்தார்கள். நெற்றிகள் உரசிவிடும் போலிருந்தது... அவளுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டது. சீ, மானங்கெட்ட மனசே!

"புற்றுநோய்னு சொன்ன மேதாவி யாருங்க? வெள்ளணு பெருசுதான். ஆனா ஓரத்தைப் பாருங்க... பக்கத்துச் சிவப்பணுவைக் கட்டிப்பிடிச்சு வளையுது. புற்றுநோய் செல் பொதுவா அப்படி வளையாது. பிளேட்லெட்டும் குறையல. ஆளுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்துல நெறி கட்டியிருக்குமே?"

"...இருக்கு."

"வைரஸ் காய்ச்சலாத்தான் இருக்கும்! எதுக்கும் அதுக்கான டெஸ்ட்டைப் பண்ணிடுங்க. யாரோட ரத்தம்?"

"என்னோடது."

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"ஊரார் ரத்தத்தை எல்லாம் பார்க்குறேன்... என்னோடதைப் பார்த்ததும் பயத்துல புத்தி வேலை செய்யல. தெரிஞ்சவங்க யார்கிட்டயும் காட்டவும் துணிச்சல் வரல. வீட்டுல பொண்ணு பேசிட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கை வீணாகக் கூடாதுன்னு வேண்டாம்னுட்டேன்."

அவளுடைய ஒரு வாரக் கோபம் போன இடம் தெரியவில்லை. அடப்பாவி... இத்தனையையும் தனியாகவா சுமந்தார்? கண் கலங்கிவிட்டது.

மாலையில் டெஸ்ட் முடிவு வந்தது. வைரஸேதான்! படித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவள் கவிழ்ந்தே போனாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பொண்ணு நான்தான்."

"ஐயோ!" என்றார். காது மடல்வரை சிவந்துவிட்டது. "உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்கட்டுமா?"

"அதுக்கு மட்டும்னா வர வேண்டாம்."

ஒரு கணம் விழித்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"அப்பா அம்மாவோட வர்றேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. சம்மதமா?"

"முதல்ல காய்ச்சல் சரியாகட்டும்" என்றாள் மிடுக்காக.

கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"சம்மதம்."