தோல் மெத்தை, துணி மெத்தை

விடிந்ததும் எழுந்தான். பல் துலக்கினான். ஒரு குவளைக்கு மட்டும் தண்ணீர் வைத்து, கொதித்ததும் தேயிலையைப் போட்டு வடிகட்டி, அடுப்புக்கு எதிரே நின்றபடியே குடித்தான். குவளையைக் கழுவிக் கவிழ்த்தான். குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்ட பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டினான். குளித்தான். தலையைத் துவட்டி, குழாயை மூடும் முன்பே ஹெட்போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டான். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கடைசி அறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவன் பொத்தானைப் போட்டு முடித்தான்.

சொற்கள் கேட்காது. காதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ஹெட்போனின் தோல் மெத்தை சொற்களை வெளியிலேயே நிறுத்திவிடும். மெட்டை மட்டும் உள்ளே விடும். சற்றே ஏறி, நடுவில் நீண்டு, சலிப்போடு இறங்கும் அந்த மெட்டு அவனுக்கு மனப்பாடம். 'டேய் செவிடா.' கல்யாணமான புதிதில் அவள் வைத்த பெயர். எந்நேரமும் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்பாள். மருத்துவரிடம் போய்ச் சொன்னான். இழப்புக்குப் பிறகு இதெல்லாம் சகஜம், போகப்போகக் குறையும் என்றார். குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவனும் நினைக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று, ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சைத் தாங்க முடியாமல் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு குளிக்கும் நேரம் தவிரக் கழற்றவில்லை. தூங்கும்போதும் அதோடுதான் தூங்கினான். வரும் அழைப்புகளையும் அதற்குள்ளேயே கேட்டான்.

முதல் அழைப்பு ஆசிரியையிடமிருந்து. ஹெட்போன்களைச் சோதித்து எழுதும் ஓர் இணையதளத்தில் அவனுக்கு வேலை; எழுதியதைத் திருத்தி வெளியிடுபவள் அவள்.

"ஏம்ப்பா, அந்த ரெண்டு மாடல் ஒப்பீடு இந்த ஜென்மத்துல வருமா?"

"வரும்."

"பழசும் புதுசும் பாக்க ரெட்டப் புள்ளைங்க மாதிரி இருக்கு, உள்ள இருக்கற சாமானும் ஒண்ணுதான், அப்புறம் புதுசுக்கு மட்டும் எதுக்கு இந்த விலைன்னு கமெண்ட்ல நம்மளக் கிழிச்சுத் தொங்கவிடறாங்க."

"மெத்தை வேற. பழசுக்குத் தோலு. புதுசுக்குத் துணி."

"மெத்தையில என்னப்பா வந்துடப்போகுது? தலகாணி உறைய மாத்தினா கனவு மாறிடுமா?"

"மாறும்."

ஆசிரியை சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்திக்கொண்டாள். "சரி. முடிஞ்சா இன்னிக்கு அனுப்பு. முடியலன்னா பரவால்ல. சாப்பிட்டியா?"

"ஆச்சு" என்றான். ஆகவில்லை.

அடுத்தது மாமியார். தினமும் இந்த நேரத்துக்கு அழைப்பாள்.

"மாப்ள, தொந்தரவு பண்றேனா?"

"இல்ல அத்த. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு அவ கடைசியா என்ன சொன்னா? இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

"மத்தியானம் என்ன சமைக்கலாம்னு கேட்டா."

"சாதாரணமா கேட்டாளா, இல்ல செவிடான்னு கூப்பிட்டுக் கேட்டாளா?"

"கூப்பிட்டுதான்."

"வாய்க்கொழுப்பு அவளுக்கு" என்றாள் மாமியார். மூக்கை உறிஞ்சினாள். "கட்டினவனப் போயி செவிடாங்கறா பாருங்க."

அவள் அப்படிக் கேட்கவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது.

அன்று முற்பகல் அவன் கடைசி அறையில் இருந்தான். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, ஒரே கதவுள்ள, சன்னல் இல்லாத அறை. மேசைமேல் சுவரைப் பார்த்தபடி ரப்பர்த் தலை. காதிருக்கும் இடத்தில் ரப்பர்க் காதுகளும், அவற்றின் துளைக்குள் இரண்டு மைக்குகளும் உள்ள, முகமில்லாத சோதனைத் தலை. மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். "என்னவிட அவ காதுதானே உனக்கு ஒசத்தி" என்பாள். வெளிச்சத்தம் எவ்வளவு உள்ளே புகுகிறது என்று பார்க்க, சக்களத்திக்குத் தோல் மெத்தை மாடலை மாட்டிப் பதிவை ஓடவிட்டிருந்தான். அவன் காதில் வேறொரு ஜோடி. அதில் பாட்டு, பலமாக.

இடப்பக்கம் வெளிச்சம் மாறியது. திரும்பினான். மனைவி வாசலில் நின்றிருந்தாள். வாய் அசைந்தது. ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினான். அவள் கோபப்படவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தன் காதுகள்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தான். மறுபடி வாய் அசைந்தது. போய்விட்டாள். பாட்டு முடிந்து வெளியே வந்தபோது நடையில் கிடந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடிப்பு என்றார்கள். கைகள் அப்போதும் காதுகளை மூடியிருந்தன.

மாமியாரின் அழைப்பு முடிந்ததும் ஒப்பீட்டை எழுத எழுந்தான். கடைசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பழைய அளவீடுகளைத் தேடிக் கணினியில் கோப்புறையைத் திறந்தபோது, அன்றைய பதிவு அங்கே இருந்தது.

அது இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை. அன்று யாரோ கணினியை அணைத்திருக்க வேண்டும். அது தானாகச் சேமித்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டினான். குளிர்சாதனத்தின் உறுமல். அதற்குள், கம்பளிக்கு அடியில் யாரோ பேசுவதைப் போல, அந்த மெட்டு. ஏறி, நீண்டு, இறங்கியது. அதைத் தொடர்ந்து வேறு ஏதோ. சொல் ஒன்றும் தேறவில்லை. தோல் தின்றுவிட்டிருந்தது.

வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோல் எதை எவ்வளவு தின்கிறது என்பதை அளக்கலாம். வெறும் தலையில் ஒருமுறை, மெத்தையோடு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதிவில் திருப்பிச் சேர்த்தால் தின்னப்பட்டது திரும்பி வரும். எல்லா மாடலுக்கும் அவன் செய்கிற வேலைதான். நாளைக்கு மாமியார் கேட்டால் உண்மையைச் சொல்லலாம். அதைவிட, அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சங்கடம் இருந்தது. அன்று சக்களத்தி போட்டிருந்த அதே மெத்தைதான் வேண்டும். அது அவன் காதில் இருந்தது.

வாசலோரம் ஸ்பீக்கரை வைத்து இரைச்சலை ஓடவிட்டான். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் போன்ற, ஏற்றமும் இறக்கமும் இல்லாத இரைச்சல். அது அறையை நிரப்பியதும் வெறும் தலையில் ஓர் அளவு எடுத்தான். பிறகு தன் ஹெட்போனைக் கழற்றினான். காதுகளில் காற்றுப் பட்டது. வேர்வையும் பழந்தோலும் கலந்த வாடை எழுந்தது. பெட்டியிலிருந்து புது மாடலை எடுத்து மாட்டிக்கொண்டான். துணி மெத்தை. பூனையின் வயிற்றைப் போல மிருது. இறுக்கமே இல்லை. தோல் மெத்தை காதை ஒரு கிணற்றுக்குள் இறக்கும். அடித்தாளம் திரண்டு வரும், சுற்றம் மறைந்துபோகும். துணி அப்படியல்ல. தாளம் மெலியும், குரல்கள் விலகித் தெளியும், இருக்கிற அறை எந்நேரமும் கூடவே இருக்கும். ஒப்பீட்டின் முதல் பத்தியாக இதையே எழுதலாம் என்று நினைத்துக்கொண்டான்.

தோல் ஜோடியைச் சக்களத்திக்கு மாட்டி இரண்டாவது அளவை எடுத்தான். இரைச்சலை நிறுத்தினான்.

திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு படுத்துவிட வேண்டும். படுக்கவில்லை. நடுவில், மனிதக் குரல் இருக்கும் இடத்தில், ஒரு மேடு. பக்கத்து வீட்டில் பேச்சாக இருக்கும். எழுந்து கதவை அழுத்திச் சாத்தினான். ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது மேடு உயர்ந்திருந்தது. இடக் காதுக்கும் வலக் காதுக்கும் ஒரே அளவு. அப்படியென்றால் சத்தம் இடமும் அல்ல, வலமும் அல்ல. தலைக்கு நேர் எதிரே, அல்லது நேர் பின்னால். எதிரே சுவர்.

அப்போது கூப்பிட்டாள்.

"டேய் செவிடா."

துணி சொற்களை உள்ளே விட்டது. மூன்று மாதத்தில் முதல்முறையாக மெட்டுக்கு உதடும் நாக்கும் இருந்தன. அந்தப் பெயரோடு அது முடியவும் இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு சொல் இருந்தது. இத்தனை நாளும் இருந்திருக்க வேண்டும். 'ட்டு' என்று முடிந்தது.

காலையில் இந்த அறையிலிருந்துதான் கூப்பிட்டாள். தினமும் இங்கிருந்துதான். இப்போது அவன் இங்கே இருந்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் சகஜம் என்று சொல்லியிருந்தார். விரல்கள் விசைப்பலகையில் வேலையைத் தொடர்ந்தன. வித்தியாசத்தைக் கணக்கிட்டான். பதிவில் சேர்த்தான். அறை வெதுவெதுப்பாகியிருந்தது. நாற்காலியின் முதுகுப் பலகை லேசாகப் பின்னுக்குச் சாய்ந்தது, யாரோ கையை ஊன்றியதைப் போல.

ஒலியை முழுதாக ஏற்றினான். ஓட்டினான்.

முதலில் அறை. அன்றைய அறை. குளிர்சாதனம். அவனே தொண்டையைச் செருமியது. ஒரு காகிதம் நகர்ந்தது. பிறகு அவள். எவ்வளவு அருகில்.

"டேய் செவிடா. அதக் கழட்டு."

ஒவ்வோர் எழுத்தும் துல்லியமாக இருந்தது. உதட்டில் எச்சில் ஒட்டிப் பிரியும் சத்தம்கூட.

"கழட்டேன்டா. ஒரே ஒரு தடவ."

இவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். இதற்குத்தான் அவன் விரலைக் காட்டினான்.

"காதக் குடுடா எனக்கு. கழட்டு."

நெஞ்சுக்குள் மூன்று மாதமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று வலித்தது. வலிப்பது நன்றாக இருந்தது. அழுதான். இரண்டு கைகளாலும் ஹெட்போனைப் பிடித்தான். தூக்கினான். கழற்றினான்.

அமைதி.

பிறகு பிடரிக்கு மிக அருகில், அவளுடைய குரலில், நெடுநாள் சுமையை இறக்கி வைத்ததைப் போல ஒரு மூச்சு.

"அப்பாடா."

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. துணி மெத்தைகளின் வழியாகச் சத்தம் அவன் கைகளில் கசிந்தது. சிறியதாக. தெளிவாக. கதவின் கைப்பிடி திரும்பியது. கீல் முனகியது. வாசலில் செருப்பு.

அவள் இப்போதுதான் வருகிறாள்.

பதிவில் இதுவரை கதவு திறக்கவே இல்லை.

"உள்ள யாருடா?" என்றது பதிவில் அந்தக் குரல். தொலைவில். இடப்பக்கத்தில். மூச்சு வாங்க. "என் குரல்ல பேசறது யாரு?"

இடைவெளி. அந்த இடத்தில்தான் அவன் விரலைத் தூக்கியிருக்கிறான்.

அவனுடைய பிடரி மயிரை ஏதோ மெல்ல ஒதுக்கியது. காது மடலில் ஈரம் பட்டது. வெதுவெதுப்பான ஈரம். கைகள் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. மேசையில் சக்களத்தி இரு காதையும் தோலால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். திரையில் மேடு உயர்ந்துகொண்டே போனது.

கையிலிருந்த ஹெட்போனுக்குள், வாசற்படியில் நின்று, காதுகளைப் பொத்திக்கொண்டு, அவன் மனைவி கத்தினாள்.

"கழட்டாதடா. கூப்பிடறது நான் இல்ல."