குவளைக்கு வந்த வரன்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே நல்லசிவன் செய்கிற வேலை ஒன்று உண்டு. மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு தூங்கும் செல்லப் பாம்பு குவளையை மெல்லப் பிரித்துச் சுவர்க் கொக்கியில் மாட்டுவது. செவ்வாய்க் கிரகத்துக் குமிழூரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். நாய் குரைக்கும், பூனை முடி உதிர்க்கும், இரண்டும் ஆக்சிஜனை ஊதாரித்தனமாகச் செலவழிக்கும். கிங் பாம்பிடம் அந்த வம்பெல்லாம் கிடையாது. விஷமில்லை, சத்தமில்லை, வாரத்துக்கு ஒரு செயற்கை எலி போதும். மற்ற பாம்புகளைப் பிடித்துத் தின்பதால்தான் பூமியில் அதற்கு ராஜப் பட்டம் கொடுத்தார்களாம். குமிழூரில் வேறு பாம்பினமே இல்லை. ஆகவே பட்டத்தை வைத்துக்கொண்டு காரணத்தை மறந்துவிட்டார்கள்.

மறக்காதது நிறத்தை மட்டும். பால்வெள்ளை, தேன்வரி, ரோஜாப்புள்ளி என்று வருடத்துக்கு ஒரு மோகம். குவளையோ நல்ல கருப்பு. ஆனால் அவளுடைய தாய் வெள்ளை. அந்த வெள்ளை அவள் மரபணுவில் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது. வளர்ப்பவர்கள் இதை 'உள்நிறம்' என்பார்கள். அசல் வெள்ளை ஆணோடு சேர்த்தால் முட்டைகளில் பாதி வெள்ளையாகப் பொரியும். நல்லசிவனின் பல வருடக் கனவு அது.

மனிதர்களுக்குள் பெண் பார்ப்பது, நிறம் கேட்பது, குலம் விசாரிப்பது எல்லாம் குடியேற்றச் சட்டப்படி குற்றம். யாரும் செய்வதில்லை. ஆனால் அத்தனை காலத்துப் பழக்கம் சும்மா காற்றில் கரைந்துவிடுமா? அது பாம்புகளிடம் வந்து சேர்ந்திருந்தது.

அன்று மாலை தில்லைநாயகமும் அவர் மனைவி கோமளாவும் கூடையும் பழத்தட்டுமாக வந்து இறங்கினார்கள். கூடைக்குள் மாப்பிள்ளை சந்திரவர்ணன். குவளையைப் போல் ஒன்றரை மடங்கு நீளம், சுண்ணாம்பு வெள்ளை, இளஞ்சிவப்புக் கண். நல்லசிவன் உருகிப்போனார்.

கோமளா பஜ்ஜியைக் கடித்தபடி குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோவுல இன்னும் கொஞ்சம் வெளுப்பாத் தெரிஞ்சாளே?"

"லைட்டு அப்படிங்க," என்று நல்லசிவன் குழைந்தார்.

"போகட்டும். உள்நிறம் இருக்கே, அதுக்காகத்தான் சரின்னோம்."

நல்லசிவனின் மனைவி பவளக்கொடிக்கு இந்தக் குழைவு பிடிக்கவில்லை. "பையன் கடைசியா எப்ப சாப்பிட்டான்?" என்று நேராகவே கேட்டாள்.

"இதெல்லாமா கேப்பாங்க? சும்மா இரு," என்று நல்லசிவன் கிசுகிசுத்தார். மூன்று தலைமுறைச் செதில் வரிசையை உருப்பெருக்கியில் பார்த்தவர் அவர். சாப்பாட்டைக் கேட்பது மட்டும் மரியாதைக் குறைவாகப் பட்டது.

தில்லைநாயகம் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமாக் கேக்கட்டும். நேத்துதான் ரெண்டு எலி முழுங்கினான்மா. எங்க பையன் தங்கம்."

இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டார்கள். வழக்கப்படி மேலே பட்டுத்துணி போர்த்தி, பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்கள். பெட்டிக்குள் ஏதோ புரளும் சத்தம் கேட்டது. கோமளா வெட்கப்பட்டுச் சிரித்தாள். நல்லசிவனும் சிரித்தார். முட்டைகளுக்குப் பெயர்கூட யோசித்துவிட்டார், பாவம்.

துணியை விலக்கியபோது பெட்டியில் ஒரு பாம்புதான் இருந்தது. அதுவும் நடுவில் பருத்திருந்தது. வாயோரத்தில் கருப்பாக வால் நுனி ஒன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போய்விட்டது.

நல்லசிவனின் கை வெறும் மணிக்கட்டைத் தடவியது. பவளக்கொடிதான் முதலில் பேசினாள்.

"சாப்பிட்டான்னு சொன்னீங்களே!"

"அது வந்து..." கோமளா பழத்தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "கண்காட்சி வருது பாருங்க. ஒரு மாசமாப் பட்டினி போட்டிருக்கோம். அப்பதான் வெள்ளை தகதகன்னு நிக்கும்."

"உங்களை நம்பித்தானே விட்டேன்," என்றார் நல்லசிவன்.

தில்லைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு எங்க பையனைக் குத்தம் சொல்வீங்களா? உங்க பொண்ணு என்ன துள்ளு துள்ளினாளோ! கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா இப்படி ஆயிருக்குமா? கருப்புன்னு தெரிஞ்சும் பெரிய மனசு பண்ணி வந்தோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்."

கோமளா அவர் தோளைத் தட்டி அமர்த்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நடந்தது நடந்துபோச்சு. இவளுக்குத் தங்கச்சி யாரும் இருக்காளா?" என்றாள்.

குமிழூரில் இரண்டு வீட்டாருக்குள் பேச்சு முற்றினால் சுவரிலிருக்கும் தீர்ப்புப்பொறி தானே விழித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் நடுவி. பூமியின் பழைய வழக்குகள் முழுவதையும் படித்த இயந்திரம்.

"இறப்பைப் பதிய வேண்டும். முன்னுதாரணம் தேடினேன்," என்றது நடுவி. "நிறைய இருக்கிறது. 'எங்க பையன் தங்கம்', 'அனுசரிச்சுப் போகலை', 'கருப்புன்னு தெரிஞ்சும் ஏத்துக்கிட்டோம்', 'தங்கச்சி இருக்காளா'. இதே சொற்கள், ஏறக்குறைய இதே வரிசை. ஒரு சந்தேகம் மட்டும். அந்தக் கோப்புகளில் கண்ணாடிப் பெட்டி இல்லை. சமையலறை, கிணறு, மண்ணெண்ணெய் என்று இருக்கிறது. இறந்தது 'மருமகள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். இனம் குறிப்பிடவில்லை. பாம்புதானே?"

நல்லசிவன் தரையைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியும்போலிருந்தது.

"ஆமா, பாம்புதான். அப்படியே போட்டுக்க," என்றார் தில்லைநாயகம்.

"நன்றி. விபத்து எனப் பதிந்தாயிற்று," என்று நடுவி கண்ணை மூடிக்கொண்டது.

விருந்தாளிகள் சந்திரவர்ணனைப் பத்திரமாகக் கூடையில் சுருட்டி வைத்தார்கள். அவன் இப்போது கொஞ்சம் கனமாக இருந்தான். பவளக்கொடி வாசல்வரை போய்க் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தில்லைநாயகம் மூடியை அழுத்திச் சாத்தினார்.

முறைப்படி, குவளை புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டாள்.