கழற்ற மறந்த பட்டை

"நிறுத்துங்க! அறிவிருக்கா உங்களுக்கு? இது என்ன குளியலறையா?"

கத்தியது தான்தானா என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

யாரையும் அதட்டிப் பழகாதவள் அவள். அக்கா சொன்னால் 'சரிக்கா', மேடம் சொன்னால் 'சரி மேடம்'... அதற்கு மேல் அந்த வாயிலிருந்து ஒன்றும் வராது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'மீட்டர்' என்று பட்டப்பெயர். ஒருவர் எதிரில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு நிம்மதியாக இருக்கிறதா, பயந்து ஒடுங்குகிறதா என்று அளப்பதுதான் அங்கே வேலை. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை கட்டினால் போதும். துடிப்பும் மூச்சும் கோடு கோடாக மேடத்தின் அறைத் திரையில் ஓடும்.

இப்போது அவள் எதிரில் மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன். சோதனைக்கு வந்தவன்தான். உள்ளே நுழைந்ததும் தலையை ஒரு உதறு உதறினானே... அவ்வளவு தண்ணீரும் கருவியின் மேல்!

"சாரிங்க... தொழில் தோஷம். நாள் முழுக்க நாய்ங்க உதறுறதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"நாய்ங்களா?"

"நாய் டாக்டர்ங்க நான். பூனைக்கும் பார்ப்பேன். நீங்க முறைக்கிறதைப் பார்த்தா பூனை கேஸ் மாதிரி தெரியுது."

என்ன திமிர்! அவள் கருவியைத் துடைத்தாள், முறைத்தாள், மறுபடி துடைத்தாள். அவனோடு ஜோடியாக வர வேண்டிய நண்பன் மழையில் மாட்டிக்கொண்டானாம். எதிரில் யாராவது உட்கார்ந்தாக வேண்டுமே... அவனிடம் ஒரு பட்டையைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளே உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்ப அழுதீங்க?" என்று எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"நேத்து. ஒரு கிழட்டு நாய்... என் மடியிலயே போயிடுச்சு."

பளிச்சென்று சொல்லிவிட்டான். வெட்கப்படவில்லை. இமையோரம் ஒரு மழைத்துளி இன்னும் விழாமல் நின்றது. அது மழைதானா? அவள் ஒரு கணம் அதையே பார்த்துவிட்டு அவசரமாகக் குனிந்துகொண்டாள்... அந்த நேரம் பார்த்து அவனுடைய ஈர முழங்கை கருவியின் மேல் சாய்ந்தது.

"ஐயோ! சொன்னா புரியாதா உங்களுக்கு? எழுந்திரிங்க! கீழ போய் உக்காந்து காயுங்க, அப்புறம் கூப்பிடுறேன்!"

"சரிங்க பூனை மேடம்."

சிரித்துக்கொண்டே போனான். ஒரு மனிதனை இவ்வளவு திட்டினால் கோபம் வர வேண்டாமா? சிரிக்கிறானே!

அவன் போன சூட்டோடு அக்கா வந்தாள். அம்மா அப்பா போன பிறகு இவளை வளர்த்து ஆளாக்கியவள். தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொள்ளாமல் இவள் படிப்பு, இவள் வேலை, இவள் துணிமணி என்றே ஓடியவள். இன்று இவள் போட்டிருக்கும் மஞ்சள் சட்டைகூட அக்கா எடுத்ததுதான். அலமாரி முழுக்க மஞ்சள்தான்!

"சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லணும்டி. நல்ல குடும்பம், நல்ல வேலை. சரின்னு சொல்லிடவா?"

அந்த மாப்பிள்ளையோடு அவள் போனில் பேசியிருக்கிறாள். பேசியது என்ன, அவன் பேசினான், இவள் உம் கொட்டினாள். கெட்டவன் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு அவன் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"சரிக்கா" என்றாள். சிரித்தபடியேதான் சொன்னாள்.

"என் தங்கம்!" அக்கா கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மழை விடட்டும் என்று கீழே போனாள்.

சற்று நேரத்தில் மேடத்தின் குரல். "மீட்டர், இங்க ஓடி வா! யாரு இந்த ஆளு?"

திரையில் பெயரில்லாத ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு, யார்கூடயோ நல்லா சண்டை போட்டிருக்கு. துடிப்பு எகிறுது... ஆனா ஏறின கையோட இறங்கிடுது பாரு! மூச்சு என்ன ஆழமா வருது! எதிர்ல இருக்கிறவர்கிட்ட என்ன பேசினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் பாரு, வேற யாரோ எதிர்ல வந்திருக்காங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, துடிப்பு இறங்கவே இல்ல. யாரோ இதை மிரட்டியே வெச்சிருக்காங்க. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

அவள் கை தானாக விலாவுக்குப் போனது. சட்டைக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

பட்டை!

காலையில் முதலில் தன் மேலேயே கட்டி, சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். கழற்றத்தான் மறந்துவிட்டாள்!

"மேடம்... அது... நான்தான்."

மேடத்தின் மூக்குக்கண்ணாடி சரிந்தது. "உன்னை யாருடி மிரட்டுறா?"

"யாருமே இல்ல மேடம். அது... எங்க அக்கா."

அக்காவா? ஒரு நாளும் கை ஓங்காத அக்காவிடமா பயம்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடிப்பாள் என்ற பயம் இல்லை இது. 'வேண்டாம்' என்று சொன்னால் அந்த முகம் வாடிவிடுமே, அக்காவும் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம்... இத்தனை வருஷமும் அதற்குச் 'சரிக்கா' என்று பெயர் வைத்திருந்தாள்.

படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

கீழே ஒரு மூலையில் அக்கா, கையில் போன். மறு மூலையில் அவன், கைக்குட்டையால் தலையைத் துவட்டியபடி.

"அக்கா... போன் பண்ணிட்டியா?"

"பண்ணப் போறேன். ஏன்டி இப்படி மூச்சிரைக்குது?"

"பண்ணாதே. எனக்கு... எனக்கு வேணாம்க்கா."

அக்கா போனைக் கீழே இறக்கினாள்.

"ஏன்டி... இப்பதானே சரின்னே?"

"நான் எல்லாத்துக்கும்தான் சரின்னேன். உன்கிட்ட வேணாம்னு சொல்லப் பயம்க்கா."

"என்கிட்டயா?" அக்காவின் குரல் உடைந்தது. "நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

"இல்லவே இல்லக்கா. அதனாலதான்..."

அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். கலவரத்தோடு கேட்டாள். "இன்னும் என்னென்ன பிடிக்காது உனக்கு?"

"மஞ்சள் கலரே பிடிக்காதுக்கா."

"அடிப்பாவி! அலமாரி முழுக்க..." அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தங்கையை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பட்டை விலாவில் அழுத்தியது. முகம் வாடித்தான் இருந்தது... ஆனால் அக்கா எங்கும் போய்விடவில்லை. "இரு, அவங்ககிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்ட நாய் டாக்டர் மெல்ல எழுந்தான்.

"நான்... காய்ஞ்சிட்டேங்க. வரவா, இல்ல போயிடவா?"

"உங்களைத் திட்டினேன்ல... அப்ப எனக்குப் பயமே இல்ல. மெஷின்ல பார்த்தேன். அக்காகிட்ட வராத தைரியம் உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னே தெரியல."

அவன் ஒன்றும் நடக்காதது போல நின்றான். மாடிப்படியிலிருந்து மேடத்தின் தலை எட்டிப் பார்த்தது. "மீட்டர்! அந்தத் தம்பிக்கும் பட்டையைக் கழட்டலையா நீ? துடிப்பு கன்னாபின்னான்னு ஓடுது, உடம்புக்கு என்னன்னு கேளு!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவன் முகம் சிவந்தது. காது மடல்கூடச் சிவந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லங்க... பயம். கடிக்கிற நாய்கிட்டகூட எனக்கு வராது. இப்ப வருது. நீங்க போகச் சொல்லிடுவீங்களோன்னு. திட்டினப்பவே விழுந்துட்டேங்க நான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நாளைக்கு... ஒரு காபி சாப்பிடலாமா?"

"வேணாம்."

அவன் கண்கள் அப்படியே அணைந்துபோயின. அவளோ தன் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது அந்த வார்த்தையை...

"காபி எனக்குப் பிடிக்காது" என்றாள். "டீன்னா வரேன்."