மும்பைக்குப் போகவேண்டிய பை

மன்றத்துப் பீரோ காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தண்டையார்பேட்டை. தெரு மன்றத்தின் பூட்டைத் திறந்து உள்ளே போன செயலாளர் ஞானம், பீரோக் கதவை இழுத்துப் பார்த்தார். வந்த வேகத்திலேயே வாசலுக்குத் திரும்பி, தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"பையக் காணோம்."

தட்டையான கறுப்புப் பை அது. உள்ளே ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு ஹெட்போன், மும்பைக்கு ஒரு ரயில் டிக்கெட். தெருவே காசு போட்டு வாங்கியவை. கம்ப்யூட்டரில் கால்பந்து ஆடும் அகில இந்தியப் போட்டியின் மும்பைக் கட்டத்துக்கு அந்தத் தெருப் பையன் பகலவன் தேர்வாகியிருந்தான். மதியம் சென்ட்ரலில் ரயில்.

தகவல் ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கே இருந்தவள் தலைமைக் காவலர் ரமாபாய். ஞாயிறு டியூட்டியை அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். குவார்ட்டர்ஸில் அவளுக்காகக் காத்திருக்க ஆளில்லை. ஒரு காலத்தில் மாநிலக் கபடி அணியில் ஆடியவள்; விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்ததுதான் இந்த வேலை. முட்டி போன பிறகு ஆட்டம் நின்றது. கூட ஆடியவர்களும் ஒவ்வொருவராக எங்கெங்கோ போய்விட்டார்கள். இருந்தாலும் எதிரில் நிற்பவரின் தோளையும் காலையும் பார்த்து அடுத்து என்ன செய்வார் என்று கணிக்கிற பழக்கம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

கத்திரி வெயில் காலையிலேயே சுட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மன்றத்து வெளிச்சுவரில் கேரம் போர்டு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெயில் நேராக அதன்மேல் விழுந்து அவள் கண்ணைக் கூசவைத்தது.

உள்ளே ஒரே அறை. ஜன்னலில் கனத்த கம்பி. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பீரோவுக்கு மட்டும் பூட்டு கிடையாது. அது உடைந்து வருஷக்கணக்காகிறது.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. சாண்ட்ராகிட்ட ஒண்ணு," என்றார் ஞானம். ஐம்பதைத் தாண்டியவர், துறைமுகத் தொழிலாளி.

"வசூல் பண்ணக் கூடாதுன்னு நீங்க சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். இப்பவும் சொல்றேன். தெருவுல தண்ணி மோட்டார் ரிப்பேராயி கீது. பொம்பளைங்க கொடத்த தூக்கிகினு லாரி பின்னாடி ஓடறாங்கோ. அத்த வுட்டுட்டு, பொட்டிக்கு முன்னாடி குந்திகினு பட்டன் தட்றவனுக்குத் துட்டா? அதுக்காக நான் திருட மாட்டேன் மேடம்."

பிரவுசிங் சென்டர் நடத்தும் சாண்ட்ராவைக் கூப்பிட்டாள். முப்பது வயது இருக்கும். மன்றத்தின் பொருளாளர். பகலவன் ஆடப் பழகியது அவள் கடையில்தான்.

"நேத்து சாயந்தரம் நடந்ததைச் சொல்லுங்க."

"பைய எல்லாருக்கும் காட்டிட்டு நான்தான் பீரோல வெச்சேன். கூட்டம் முடிஞ்சி எல்லாரும் வெளிய வந்துட்டோம். ராசையாண்ணன் மட்டும் உள்ள இருந்து பெருக்கினாரு. கேரம் போர்டுக்கு உறைய மாட்டி வெச்சிட்டு, லைட்ட அணைச்சிட்டு வந்தாரு. எங்க கண்ணு முன்னாடி ஞானண்ணன் பூட்டினாரு."

"ராசையா கையில எதுனா இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மேடம். வெறுங்கையோடதான் வந்தாரு. அத்தினி பேரும் பாத்தோம்."

ராசையா வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். குடும்பம் இல்லை. மன்றத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போலிருந்த ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு மன்றத்தைப் பார்த்துக்கொள்பவர். கேட்பதற்கு முன்பே பேசினார்.

"ஞானம் தொறந்தப்ப நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். போலீசு வந்தா எடம் வேணுமேன்னு போர்டத் தூக்கி வெளிய வெச்சேன். வேற ஒண்ணியும் தொடல."

வெளியே குரல்கள் தடித்தன. சாவி வைத்திருப்பவர் ஞானம். வேண்டாம் என்றவரும் ஞானம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். ஞானத்தின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பகலவனைத் தேட வேண்டியிருந்தது. தெருமுனையில், நிறுத்தி வைத்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். இருபத்தோரு வயது. கன்டெய்னர் யார்டில் தற்காலிக வேலை. லீவு தர மறுத்ததால் அதையும் விட்டிருந்தான்.

"உனக்கு யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"பை போனதுல உனக்கு வருத்தமே இல்லாத மாதிரி இருக்கே."

"எல்லாரும் துட்டு குடுத்தாங்கோ. நான் ஆடி ஒருத்தர்கூட பாத்ததில்ல. இன்னா ஆட்டம்னு கேட்டதுகூட இல்ல. தோத்துட்டு வந்தா இந்தத் தெருவுல எப்டி நடக்கறதுன்னு ஒரு வாரமா தூங்கல. பை காணோம்னதும் அப்பாடான்னு இருந்துச்சி. அப்பறம்தான் அழுகை வந்துச்சி."

ரமாபாய் அவன் விரல்களைப் பார்த்தாள். வண்டியின் இரும்புக் கம்பியில் அவை எதையோ தட்டிக்கொண்டே இருந்தன. போட்டிக்கு முந்தின நாள் அவளுடைய கால்களும் அப்படித்தான் சும்மா இருக்காது. இவன் எடுக்கவில்லை.

மன்றத்துக்குத் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ராசையா வெளிச்சுவர் ஓரம் நின்றிருந்தார். யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, கேரம் போர்டை மெதுவாகத் தூக்கி நிழலுக்கு மாற்றினார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவிப் பார்த்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போலிருந்தது.

ரமாபாய் அப்படியே நின்றாள். பிறகு மன்றத்துக்குள் போய் கேரம் ஸ்டாண்டுக்கு அடியிலும் மூலைகளிலும் தேடினாள். அவள் தேடியது அங்கே இல்லை.

ஞானம், சாண்ட்ரா, பகலவன், ராசையா நால்வரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"பை ராத்திரி எங்கயும் போகல. இந்த ரூம்லயேதான் இருந்துச்சு," என்றாள்.

"பீரோ காலியா கெடந்துச்சே மேடம்," என்றார் ஞானம்.

"பீரோதான் காலி. நீங்க அதை மட்டும்தான் பாத்தீங்க. அப்புறம் எல்லாரும் பூட்டைப் பாத்தாங்க, சாவியைப் பாத்தாங்க. பூட்டு தொறந்த பிறகு இந்த ரூம்லேர்ந்து வெளிய போன பொருளை யாரும் பாக்கல." ராசையாவின் பக்கம் திரும்பினாள். "ராசையாண்ணே, போர்டோட உறை எங்க?"

ராசையா சாத்திய கதவைப் பார்த்தார்.

"நேத்து நீங்க உறை மாட்டினதை சாண்ட்ரா பாத்திருக்காங்க. இன்னிக்கு போர்டு மொட்டையா வெயில்ல நிக்குது. தடவித் தடவிப் பாக்கற ஆளு நீங்க. வெயில்ல வெச்சா பலகை வளையும்னு உங்களுக்குத் தெரியாதா? நேத்து பெருக்கும்போதே பையை போர்டுக்குப் பின்னாடி, உறைக்குள்ள சொருகிட்டீங்க. வெறுங்கையோட வெளிய வந்தீங்க. காலைல இவங்க பதறினப்ப, போலீசுக்கு இடம் வேணும்னு சொல்லி எல்லார் எதிரிலயும் உறையோட தூக்கிட்டுப் போனீங்க. உங்க ரூம்ல பையையும் உறையையும் போட்டுட்டு, யாராச்சும் போர்டை எங்கன்னு கேப்பாங்கன்னு அவசரமா அதை மட்டும் கொண்டாந்து சாத்திட்டீங்க."

ராசையா கதவைத் திறந்துகொண்டு போனார். ரமாபாய் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் சுருட்டிய உறையுடன் திரும்பி வந்து அதைத் தரையில் வைத்தார். பை உள்ளே இருந்தது.

"விக்கறதுக்கு எடுக்கல. ரயிலு போனதும் திருப்பி வெச்சிருப்பேன்," என்றார்.

"ஏண்ணே?" என்றாள் சாண்ட்ரா.

"எம்பத்தி நாலுல என்னிய நேஷனல் ஆடக் கூப்ட்டாங்கோ. டில்லி. இதே தெருவுல வூடு வூடா போய் நின்னேன். கேரம் ஆடறதுக்கு எவன்டா துட்டு குடுப்பான்னு கேட்டாங்கோ. ஞானம், ஒங்கப்பாரும்தான் கேட்டாரு. என் எடத்துல வேற ஒருத்தன் போனான். அதுக்கப்பறம் என்னிய யாரும் கூப்டல. இவன் கேக்கவே இல்ல. வூடு தேடிப் போய்க் குடுக்கறீங்கோ. அந்தப் பைய பீரோல வெச்சப்ப எல்லாரும் கை தட்னீங்கோ. நானும்தான் தட்னேன். என்னால தாங்க முடியல."

ஞானம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பிடிவாதமாகச் சொன்னார். "அதுக்குத்தான் மேடம் சொன்னேன், ஆட்டத்துக்கெல்லாம் துட்டே குடுக்கக் கூடாதுன்னு. ஒருத்தனுக்குக் குடுத்தா இன்னொருத்தன் வயிறு எரியும்."

"எனக்கு ஆட்டத்துக்காகத்தான் கவர்மெண்டு வேலை குடுத்துச்சு," என்றாள் ரமாபாய். "என்கூட ஆடினவங்கள்ல நெறைய பேருக்குக் குடுக்கல. என்னைவிட நல்லா ஆடினவளும் அதுல இருந்தா. இப்ப எங்க இருக்கான்னே தெரியாது. சம்பளம் வாங்கற அன்னிக்கெல்லாம் அவ ஞாபகம் வரும். அதுக்காக எனக்கும் குடுத்திருக்கக் கூடாதுன்னு சொல்வீங்களா?"



பகலவன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "எனக்குக் கம்ப்ளைண்ட் ஒண்ணும் இல்ல மேடம்," என்றான். பிறகு ராசையாவிடம் கேட்டான். "போட்டிக்கு முன்னாடி ஒங்களுக்குக் கை நடுங்குமாண்ணே?"

ராசையா நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"நடுங்கும். மொத காய் வுழற வரிக்கும்."

"எனக்கு மொத கோல் போடற வரிக்கும்."

"தோத்துட்டு வந்தாலும் பரவால்ல," என்றார் ராசையா. "அம்மாம் பெரிய எடத்துல போய் ஆடக் குந்தினா எப்டி இருக்கும்னு வந்து எனக்குச் சொல்லு. எனக்கு அது தெரியாமலே போச்சி."

ஆட்டோ வந்தது. சாண்ட்ரா கூடப் போனாள். தெரு ஞானத்தின் வீட்டுப் பக்கம் பார்க்கக் கூசிக்கொண்டு கலைந்தது.

பகலவன் இரண்டாவது சுற்றிலேயே தோற்றுத் திரும்பினான். அந்த வாரத்தில் ஒரு மாலை ரமாபாய் ரோந்து போகும் வழியில் அந்தத் தெருவைக் கடந்தாள். மன்றத்துப் படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பகலவன் இரண்டு கைகளையும் காற்றில் அசைத்து எதையோ விவரித்துக்கொண்டிருந்தான். ராசையா முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவன் வாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். போகிறவர்கள் யாரும் அவர்களிடம் நின்று பேசவில்லை.

ரமாபாய் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் தூரத்திலிருந்து பார்த்தாள். சத்தம் கேட்டு அவர்கள் திரும்பிவிடக் கூடாது என்று வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனாள்.